பூமிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை

பேராதனை
10.09.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பாறையியல் பரீட்சையில் மறுபடியும் தவறிவிட்டேன். இது இரண்டாவது முறை. விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. நான் ஒரு பாறையை எழுதி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த மலைக்குப் போய்விடுகிறார்கள். இனிமேல் முடியாது அப்பா. விலகல் படிவம் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. என்னோடு படித்த தனுஷிகா வேலை செய்யும் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம்.

இதைப் போனில் சொன்னால் நீங்கள் ஏதாவது பேசிச் சிரிக்க வைப்பீர்கள். சிரித்து முடித்து நான் அழுவேன். அதனால்தான் கடிதம்.

மகள்,
பூரணி

*

மேல் டிவிசன், வலப்பனை
25.09.2023

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நான் சுகம், அம்மா சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் ரேடியோவை முந்திக்கொண்டு மழைச் செய்தி சொல்கிறது. உன் கடிதம் தோட்ட ஆபீசில் ஒன்பது நாள் தூங்கி எழுந்து வந்தது.

இரண்டு முறை தவறியதாக எழுதியிருக்கிறாய். நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். எட்டும் எட்டும் பதினாறு என்று கூட்டினால் உனக்கும் மேலே இருக்கிறேன். ஆகவே புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஆனால் சொல்லப் போவதில்லை. அதற்கு முன் நீ என்னைக் காப்பாற்ற வேண்டும்.

போன ஞாயிறு உன் ஜெயகாந்தன் மாமா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். லொறி ஓட்டுகிற மனிதர் இரண்டு வருஷமாக ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார் என்று உனக்குத் தெரியுமே. "பூமிக்கு வயசு ஆறாயிரந்தான் மச்சான். வேதத்துல வம்சம் வம்சமா கூட்டிப் பாத்துட்டாங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க புள்ள அதத்தான் படிக்குது. கோடிக் கணக்குல சொல்லுது" என்றேன். "எத்தன கோடி?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்! "நாப்பது" என்று அடித்துவிட்டேன். "அப்ப பொங்கலுக்கு மேடையேறிச் சொல்லுங்களேன்." நான் யோசிப்பதற்குள் என் வாய் சரி என்றுவிட்டது.

இப்போது கோயில் கமிட்டி நோட்டீசே ஒட்டிவிட்டது. மாட்டுப் பொங்கலன்று பட்டிமன்றம்: 'பூமிக்கு வயதைச் சொல்வது ஏடா, பாறையா?' ஏட்டுக்கு மாமா, பாறைக்கு நான். நடுவர் கடை நஜீம் முதலாளி. அவர் கோயிலுக்கும் வராதவர், ஜெபத்துக்கும் வராதவர். ஆனால் இரண்டு கட்சியும் பருப்பு வாங்குவது அவரிடம்தான். நம் பூசாரியை என் அணிக்குக் கூப்பிட்டேன். அவருக்கு ஏடும் வேண்டாம் பாறையும் வேண்டாம், சர்க்கரைப் பொங்கல் போதுமாம்.

எனக்கு நீ ஒருத்திதான் படை. படிப்பை விட்டவள் எழுதித் தந்ததா என்று மாமா மேடையில் கேட்டால் என் கதை முடிந்தது. அதனால் பொங்கல் வரை அந்தப் படிவத்தில் கை வைக்காதே. பொங்கல் முடியட்டும், உன் இஷ்டம்தான். கட்டுநாயக்க பஸ்ஸில் நானே ஏற்றிவிடுகிறேன்.

உன் அப்பா,
நல்லமுத்து

*

பேராதனை
06.10.2023

அன்புள்ள அப்பா,

சுகம். அம்மாவுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

நாற்பது கோடி இல்லை, நானூற்று ஐம்பத்து நான்கு கோடி வருடம். எப்படித் தெரியும் என்று மாமா கேட்பார். சிர்க்கோன் என்று ஒரு கனிமம் இருக்கிறது. மணலைவிடச் சிறிய மணிகளாகப் பாறைக்குள் கிடக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. உள்ளே போன யுரேனியம் காலப்போக்கில் தானாகவே ஈயமாக மாறும். நூறு பங்கில் ஐம்பது பங்கு மாறுவதற்கு 447 கோடி வருடம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு யுரேனியம் மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

பொங்கல் வரை கையெழுத்துப் போடமாட்டேன். அதற்குப் பிறகு என்னைத் தடுக்கக் கூடாது.

பூரணி

*

மேல் டிவிசன்
20.10.2023

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒத்தடத்துக்குப் பலன் இருக்கிறது. அம்மா இப்போது என்னைத் துரத்தும் அளவுக்கு நடக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை யுரேனியம் புரியவில்லை. இரண்டாம் முறை ஈயமும் சேர்ந்து புரியவில்லை. மூன்றாம் முறை நம் தேயிலை ஆலை ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் நின்றுகொண்டு படித்தேன். பட்டென்று விளங்கிவிட்டது. மலையிலிருந்து கொழுந்து ஈரத்தோடு மாடிக்கு வரும். நேரம் போகப் போக ஈரம் போகும். ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்து, இது இத்தனை மணிக்கு ஏறிய கொழுந்து என்று நான் சொல்லிவிடுவேன். ஏறும்போது நீ பார்த்தாயா என்று இதுவரை எந்த டீமேக்கர் ஐயாவும் கேட்டதில்லை. இதுதானே உன் சிர்க்கோன்!

பெருமை தாங்காமல் லொறியடிக்கே போய் மாமாவிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "வெயில் நாள்ல கொழுந்து வெரசா வாடும். மழ நாள்ல காத்தாடி போட்டாலும் வாடாது. ஒங்க யுரேனியம் அந்தக் காலத்துல வெரசா மாறியிருந்தா என்னா செய்வீங்க மச்சான்?"

"வேலைக்குச் சங்கு ஊதிருச்சு" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். சங்கு ஊதவில்லை.

இதற்குப் பதில் வேண்டும். இல்லாவிட்டால் பொங்கலன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அப்பா,
நல்லமுத்து

*

பேராதனை
08.11.2023

அன்புள்ள அப்பா,

சுகம். இங்கே மழை. நீங்கள் மாடியில் ஈரத்தில் நிற்கும்போது காலுறை போடுங்கள்.

மாமாவின் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் தட்டாத கதவைத் தட்டினேன். எங்கள் விரிவுரையாளர் அம்மா கேள்வியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கேள்வி. யார் கேட்டது?" என்றார். "லொறி ஓட்டும் என் மாமா" என்றேன்.

பதில் இதுதான். கொழுந்து வாடுவது வெயிலையும் காற்றையும் பொறுத்தது. யுரேனியம் மாறுவது அணுவின் அடிவயிற்றில் நடப்பது. சூடாக்கியும் அழுத்தியும் பார்த்திருக்கிறார்கள், வேகம் மாறவில்லை. இன்னொன்று. அந்த மணிக்குள் இரண்டு வகை யுரேனியம் இருக்கிறது. ஒன்று பாதியாகக் குறைய 447 கோடி வருடம், மற்றதற்கு எழுபது கோடி. வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். நல்ல மணிகளில் இரண்டும் ஒரே வயதைச் சொல்கின்றன. ஒரு கடிகாரம் பொய் சொல்லலாம். வேகம் வேறான இரண்டும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்ல முடியாது.

பிறகு நுணுக்குக்காட்டியில் ஒரு மணியைக் காட்டினார். நம் மலைநாட்டுப் பாறையில் எடுத்தது. அந்தப் பாறை பூமிக்குள் வெந்து இன்றைய உருவத்துக்கு வந்து ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் மணியின் நடுப்பகுதிக்கு இருநூறு கோடியைத் தாண்டுகிறது. பாறையைவிட அதற்குள் இருக்கும் மணி மூத்தது! வேறு ஏதோ பழைய பாறை அழிந்தபோது மிஞ்சி, இதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பூமியின் வயதும் அப்படித்தான் அப்பா. அதன் முதல் பாறை ஒன்றுகூட மிஞ்சவில்லை. பூமிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் அதோடு கூடப் பிறந்து, பிறகு வானத்திலிருந்து விழுந்த கற்களைப் பார்த்து வயது சொல்கிறார்கள்.

அந்த மணியில் ஒவ்வொரு வடுவும் ஒரு நிகழ்ச்சி. பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மூக்கு நினைவுக்கு வந்தது. இடப்பக்க வடு அம்மை வடு என்பீர்கள். அம்மை வடு பள்ளமாக மட்டும்தானே இருக்கும்? உங்களுடையது உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் இருக்கிறதே. அது என்ன அப்பா?

பூரணி

*

மேல் டிவிசன்
24.11.2023

அன்பு மகளுக்கு,

சுகம். கொழுந்து வரத்து நல்லது. நஜீம் முதலாளி கடைக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார். இரண்டு கடிகாரம் விஷயம் நன்றாக விளங்கியது. மழை விடவில்லை. காலுறை போட்டேன்.

அப்பா,
நல்லமுத்து

*

பேராதனை
30.12.2023

அன்புள்ள அப்பா,

உங்கள் சுகம் தெரியாமல் எழுதுகிறேன். ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. போனில் மழை என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் விடுங்கள். மூக்கை மறந்துவிடுகிறேன்.

மேடைக்கு வேண்டியதை நான்கு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் விரிவுரையாளர் அம்மா என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி, மணி ஏன் பாறையைவிட மூத்தது என்று ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னார். முதல் வரியைத் தமிழில் தொடங்கிவிட்டேன். பிறகு உங்களுக்கு எழுதிய கடிதத்தை மனதில் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

பூரணி

*

மேல் டிவிசன்
18.01.2024

அன்பு மகள் பூரணிக்கு,

நான் சுகம். உன் அம்மா சுகமா என்று தெரியவில்லை, இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. காரணம் கீழே வருகிறது.

பட்டிமன்றம் முடிந்தது. டிவிசன் முழுக்க வந்திருந்தது. மாமா முதலில் ஏறினார். அந்த மனிதருக்கு நல்ல குரல். "எழுதி வச்சது பொய்யாகுமா? நமக்கெல்லாம் வயசு எப்பிடித் தெரியும்? பொறப்புப் பத்திரத்தப் பாத்துத்தானே? பொறந்தது யாருக்காவது ஞாபகம் இருக்கா? பத்திரத்த நம்புறவங்க வேதத்த ஏன் நம்பக் கூடாது?" ஒரே கைதட்டு. என் அணியில் உட்கார்ந்திருந்தவரும் தட்டினார்.

நான் ஏறினேன். உன் நான்கு தாளில் இரண்டைக் காற்று கொண்டுபோனது. 454 கோடியைச் சொன்னேன். கொழுந்தைச் சொன்னேன். இரண்டு கடிகாரத்தைச் சொன்னேன். பிறகு பத்திரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தது. உன் நவம்பர் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அடையாள அட்டையும் அதே பையில். எதை எடுக்கப் போனேனோ, கையில் அட்டை வந்தது.

"மச்சான், இதுல நல்லமுத்து, பொறந்தது அறுபத்து நாலு ஆவணின்னு இருக்கு. பத்திரமும் அதத்தான் சொல்லுது. அந்த நல்லமுத்து ரெண்டு வயசுல வயித்தால போயி செத்துட்டான். நான் அவன் தம்பி."

பூரணி, மண்டபத்தில் மைக் மட்டும் ங்கொய் என்றது.

முதல் பிள்ளை தங்காமல் போனால், அடுத்த பிள்ளையாவது நிற்கட்டும் என்று மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயர் வைப்பது எங்கள் காலத்து வழக்கம். எனக்கும் குத்தினார்கள். கூப்பிட்டார்களே தவிரப் பதியவில்லை. பதிய வலப்பனை ஆபீசுக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அண்ணனின் சாவையும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்திரம் கேட்டார்கள். வீட்டில் இருந்த ஒரே பத்திரத்துக்குள் என்னைப் புகுத்திவிட்டார்கள். அன்றைக்கு என் மூக்குத்தியைக் கழற்றி, "வாயத் தொறந்தா பேர வெட்டிருவாங்க" என்று சாமி விளக்கின் மேல் சத்தியம் வாங்கினாள் எங்கள் ஆத்தா. உன் அம்மாவுக்கும் சொல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டினேன். நீ மட்டும் பேராதனையில் உட்கார்ந்து ஒரு வடுவைப் பார்த்துக் கேட்டுவிட்டாய். ஐந்து வாரம் பேனா எடுத்தேன், வைத்தேன். சிரிக்க வைக்கிற மாதிரி இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மேடையில் கடைசியாகச் சொன்னது இது: "இந்தப் பத்திரம் பொய்யில்ல மச்சான். எங்க அண்ணனப் பத்தின நெசம். என் வயசக் கேட்டா மட்டுந்தான் தப்பாச் சொல்லும். ஒங்க வேதத்தையும் நான் பொய்யின்னு சொல்லல. மனுசன் எப்பிடி இருக்கணும்னு கேட்டா அது சொல்லும். கல்லு வயசு வேணும்னா கல்லத்தான் கேக்கணும். என் வயசு வேணும்னா என் மூக்கக் கேளுங்க."

நஜீம் முதலாளி தீர்ப்புச் சொன்னார். தோற்றுவிட்டேன். "பாறை அணி இருபது நிமிசத்துல பாதிய மூக்கப் பத்தியே பேசிட்டாரு. தலைப்பு பூமி" என்றார். நியாயமான தீர்ப்பு. கூட்டம் கலையும்போது ஆளாளுக்கு வந்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். மாமாவும் தொட்டார். பிறகு என்னை லொறியில் ஏற்றி வீட்டில் இறக்கினார்.

வீட்டில் உன் அம்மா கேட்டாள்: "இருவத்தாறு வருசமா நான் யாருக்குங்க சோறு போட்டேன்?"

பொங்கல் முடிந்தது. வாக்குக் கொடுத்தபடி தடுக்கமாட்டேன். படிவம் உன் மேசையில், பேனா உன் கையில்.

அப்பா

*

பேராதனை
02.02.2024

அன்புள்ள அப்பா,

அம்மா இப்போது பேசுகிறாரா? அதை முதலில் எழுதுங்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. பிறகு படிவத்தை எடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் 'மூக்கன், வயது?' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறேன். நீங்கள் பத்திரம் இல்லாத பாறை. வயதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மீள்பரீட்சை மே மாதம். எழுதுகிறேன். இந்த முறை ஒவ்வொரு பாடத்தையும் முதலில் உங்களுக்கு ஒரு கடிதமாக எழுதிப் பார்க்கப் போகிறேன், அனுப்பாவிட்டாலும்.

இப்போது வேலை. பூமிக்குக் கூடப் பிறந்த கல் இருப்பதுபோல, உங்களோடு கூடப் பிறந்தது ஏதாவது இருக்கிறதா? ஆத்தா என்ன சொல்லியிருக்கிறார்? கதையாக வேண்டாம், சான்றாகக் கொண்டுவாருங்கள். இரண்டு கடிகாரம் வேண்டும்.

பூரணி

*

மேல் டிவிசன்
10.03.2024

அன்பு மகளுக்கு,

அம்மா பேசிவிட்டாள். மூன்றாம் நாள் தட்டை வைத்து, "ரசம் மூக்கனுக்கா, நல்லமுத்துக்கா?" என்றாள். இரண்டு பேருக்கும் என்றேன். எல்லோரும் சுகம்.

நீ கேட்டதைத் தேடினேன். ஒன்பதாம் நம்பர் மலையில் தேயிலையும் நிழலுக்குச் சவுக்குக் கன்றும் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆத்தாவுக்கு வலி வந்ததாம். வளைவில் நிற்கும் சவுக்கைக் காட்டி, "அதுவும் நீயும் ஒரே வாரம்" என்பாள். அந்த மரத்தைப் போன மாதம் ஸ்டோர் அடுப்புக்கு வெட்டிவிட்டார்கள். ஓடினேன். அடிமரம் இருந்தது. குந்தி உட்கார்ந்து வளையம் எண்ணினேன். முதலில் ஐம்பத்தொன்று. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினேன், அறுபத்திரண்டு. மாமா அந்த வழியாக லொறியில் வந்தார், இறங்கினார். "தள்ளுங்க மச்சான்" என்று அவர் எண்ணினார். ஐம்பத்தாறு. ஆறாயிரம் வராததே எனக்கு நிம்மதி.

கடிகாரம் ஒன்றுதான், அதுவும் தண்ணி போட்ட கடிகாரம். இரண்டாவது எங்கே என்று யோசித்துக்கொண்டு, வழக்கம்போல மலைப் பலகையில் மாட்டிய குடையை எடுத்தேன். ஒவ்வொரு மலைக்கும் நம்பரும் நட்ட வருஷமும் எழுதி வைத்திருக்கும் பலகைதான். நாற்பது வருஷமாக அதில்தான் குடை மாட்டுகிறேன். மாமா கேட்டார்: "மச்சான், அதுல என்னா எழுதியிருக்கு?"

1967.

படித்த வாசனை உள்ள மனிதன் என்று என்னை இனி எங்கேயும் சொல்லிவிடாதே.

அப்பா

*

பேராதனை
22.06.2024

அன்புள்ள அப்பா,

நான் மிகவும் சுகம். பாறையியல் மீள்பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். 'பாறையைவிட மூத்த மணி' ஒரு கேள்வியாகவே வந்தது. உங்களுக்கு எழுதியதை எழுதினேன், கொழுந்தை மட்டும் விட்டுவிட்டு.

நம் நாட்டு மரங்களில் வளையம் ஒழுங்காக விழாது, அதனால் மாமாவின் ஐம்பத்தாறைத் தனியாக நம்ப முடியாது. ஆனால் பலகையோடு அது ஒத்துப்போகிறது. வலப்பனைப் பக்கம் கன்று நடுவது வருடக் கடைசி மழையோடு. ஆகவே முடிவு:

மூக்கன். பிறப்பு: 1967 ஐப்பசி அல்லது கார்த்திகை. பிழை: ஒரு மாதம் முன்னே பின்னே.

விலகல் படிவத்தின் பின்பக்கத்தில் கணக்கை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

ஒரு கவலை. பத்திரத்தின்படி இந்த ஆவணியில் உங்களுக்கு அறுபது. அறுபதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மூன்று வருட வேலையை இழக்கிறீர்கள். ஆபீசில் சொல்லித் திருத்துங்கள்.

பூரணி

*

மேல் டிவிசன்
25.08.2024

அன்பு மகள் பூரணிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ அனுப்பிய தாளை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். மாமா வந்து படித்துவிட்டு, ஜெபக் கூட்டம் நடக்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைக்கு எத்தனை வயது என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். நம்பப் போவதில்லையாம், சும்மா தெரிந்துகொள்ளத்தானாம்.

ஆபீசில் கிளாக்கர் ஐயாவும் நீ சொன்னதையேதான் சொன்னார்: "மேடையில சொன்னது நெசம்னா எழுதிக் குடுங்க, திருத்தப் பாப்போம்." வேண்டாம் என்றுவிட்டேன். இந்த உலகத்தில் எங்கள் அண்ணனுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு தாள்தான். அதையும் நான் வெட்டித் திருத்தமாட்டேன். நேற்று ஸ்டோரில் மாலை போட்டார்கள். அவனுக்காக வாங்கிக்கொண்டேன்.

நாளை மறுநாள் நானுஓயாப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் வேலைக்குச் சேருகிறேன். மாமாதான் பேசிவிட்டார். "பத்திரம் ஒன்னும் வேணாம், மூக்கக் காட்டினாப் போதும்னு சொல்லிட்டேன் மச்சான்" என்றார்.

பிந்திப் போனதையும் சேர்த்து உன் படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷம் என்று போனில் சொன்னாய். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. நல்லமுத்து ஓய்வு பெற்றுவிட்டான். எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
மூக்கன்